கலை, பிணை, மறி: மான் வேட்டைக்குப் புதியவன் கற்ற சொற்கள்



ஷா ஆலம் நகரில் நின்றுகொண்டு மான் வேட்டையைப் பற்றிப் பேசுவது வியப்பாகத் தோன்றலாம். 1978ஆம் ஆண்டு சிலாங்கூரின் தலைநகராக ஆவதற்கு முன்பு, சுங்கை ரெங்கம், பத்து தீகா எனப்பட்ட இப்பகுதி பால்மரமும் செம்பனையும் நின்ற தோட்ட நிலமாக இருந்தது. அன்று இவ்வழியே நடந்தவருக்கு வேட்டையைப் பற்றி ஏதேனும் தெரிந்திருக்கும். இன்று இங்கு வாழும் நமக்கு மான் என்பது பாடநூலில் வரும் படம். அல்லது திருக்குறள் ஒப்புவிக்கும் மாணவியின் வாயில் வந்து போகும் ஓர் உவமை.

மான் வேட்டைக்குப் புதிதாகச் செல்பவனுக்கு மூத்தவர் கூறும் அறிவுரைகளைத் தொகுத்த நூல்கள் பல மொழிகளில் உள்ளன. காற்றின் திசையை அறிதல், சுவடு பார்த்தல், ஓசையின்றி இருத்தல், இலக்கு இன்னதெனத் தெளிந்தபின் எய்தல் ஆகியவை அவற்றில் மீண்டும் மீண்டும் வரும் செய்திகள். தமிழில் ‘வேட்டுவன் கையேடு’ என்று ஒரு நூல் நம் கைக்கு வந்ததில்லை. ஆயினும் அந்த அறிவுரை தமிழில் இல்லாமற் போகவில்லை. அது நூலாக அன்றிச் சொற்களாக இருக்கிறது என்பதே இன்று நான் கூற விழைவது. மொழியியலைத் தொழிலாகக் கொண்டிருந்தவன் ஆதலால் சொல்லின் வழியாகவே வரலாற்றுக்குள் நுழைகிறேன்; பொறுத்தருள்க.

சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளி இலக்கிய வகுப்பில் குறுந்தொகைப் பாடல் ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தேன். பாடலில் ‘கலை’ என்ற சொல் வந்தது. முன்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர், “ஐயா, கலை என்றால் ஆர்ட் தானே? அது எப்படி மரப்பட்டையைத் தின்னும்?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு, “ஆண்மான்” என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த அடிக்குச் சென்றேன். வீடு திரும்பும் வழியில்தான் என் விடை எவ்வளவு குறைபட்டது என்பது புலப்பட்டது. ‘ஆண்மான்’ என்பது ‘கலை’ என்பதற்கு விளக்கமே ஒழிய, ‘கலை’ செய்த வேலையை அது செய்வதில்லை.

முதலில் ‘மான்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பழந்தமிழில் ‘மா’ என்பது விலங்கின் பொதுப்பெயர். அதனோடு உறவுடைய ‘மான்’ என்பதும் சங்கப் பாடல்களில் இன்றுள்ள பொருளில் மட்டும் வழங்கவில்லை. தேரில் பூட்டிய குதிரையும் மான்தான். சிங்கத்தை ‘அரிமான்’ என்றனர். பிற்காலத்தில் அப்பொதுச்சொல் சுருங்கிக் கொம்புடைய ஒரு விலங்கினத்தின் பெயராயிற்று. இதே சுருக்கம் வேறு மொழிகளிலும் நிகழ்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இன்று மானைக் குறிக்கும் ‘டீர்’ என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் விலங்கு என்ற பொதுப்பொருளைத் தந்தது. அதன் ஜெர்மானிய உறவுச் சொல்லாகிய ‘தீர்’ இன்றும் விலங்கையே குறிக்கிறது. வடமொழியின் ‘மிருகம்’ விலங்கையும் குறிக்கும், மானையும் குறிக்கும். வேட்டைக்கு அம்மொழியில் ‘மிருகயா’ என்றே பெயர். அந்த மிருகம் ‘சத்துவம்’ என்ற சொல்லோடு சேர்ந்து கடல் கடந்து மலாய் மொழியில் ‘மெர்காஸ்துவா’ ஆகிக் காட்டுவிலங்குகளைக் குறிக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மொழிகளிலும் விலங்கு என்றாலே மான் என்ற நிலை ஏன் வந்தது? மனிதன் மிகுதியும் துரத்திச் சென்ற விலங்கு மான் என்பதே பொருத்தமான விடை.

இங்கே ஆசிரியர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. ‘கவரிமான்’ என்று மேடைதோறும் முழங்குகிறோம். திருக்குறளில் இருப்பது ‘கவரிமா’. அங்கே ‘மா’ என்பது விலங்கு என்னும் பொதுச்சொல். இமயத்துப் பக்கம் வாழும் நீள்மயிர் எருமை போன்ற விலங்கைக் கவரி என்றனர். ஒரு னகர ஒற்று சேர்ந்ததனால் மாட்டினத்து விலங்கு மான் குலத்தில் குடிபுகுந்துவிட்டது. விடைத்தாளில் இதற்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம், சொல்லிக்கொடுத்தால் போதும்.

இனி, புதிய வேட்டுவனிடம் வருவோம். தமிழ் இலக்கியத்தில் அவனை நாம் முதன்முதலாகச் சந்திக்கும் இடங்களுள் ஒன்று புறநானூற்றின் 324ஆம் பாடல். வேட்டுவர் வீட்டுச் சிறுவர்கள் அதில் வருகிறார்கள். காட்டுப்பூனைக் குட்டியைப் போன்ற மருண்ட பார்வை. பறவை இறைச்சி தின்ற வாயில் புலால் நாற்றம். வளார் என்னும் இளங்கொம்பை வளைத்து வில் செய்திருக்கிறார்கள். உடைமரத்தின் உள்ளே துளையுள்ள வெண்முள்ளை ஊகம்புல்லின் மெல்லிய தண்டில் செருகி அம்பாக்கியிருக்கிறார்கள். இவ்வளவும் எதற்கு? பருத்தி வேலியில் ஓடும் எலியை எய்வதற்கு. வேட்டைக்குப் பழகும் சிறுவன் மானிடம் செல்வதில்லை, எலியிடம் செல்கிறான். தன் கருவியைத் தானே செய்கிறான். அம்பின் முனைக்கு எந்த முள், தண்டுக்கு எந்தப் புல், வில்லுக்கு எந்தக் கொம்பு என்ற மூன்றும் அவனுக்கு விளையாட்டிலேயே பாடமாகின்றன. இன்றைய கல்வியியலார் இதற்குப் பெயர் பல வைத்திருக்கிறார்கள்.

நம் மாணவர்களுக்கு இப்பாடல் தெரியாது. 152ஆம் பாடல் தெரியும். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியை ஊடுருவி, மான், பன்றி ஆகியவற்றைக் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்த காட்சி அங்கு உண்டு. பேச்சுப்போட்டிக்கு உகந்த பாடல்தான். ஆனால் அது வள்ளலின் வில்லாற்றலைப் புகழ்வதற்காகப் பாணர் கூறும் சொல். வேட்டை எப்படி நடந்தது என்று அறிய விரும்புபவர் பெரும்பாணாற்றுப்படையைப் பார்க்க வேண்டும்.

அந்நூலில், மான்களின் குளம்புச் சுவடு பதிந்த வழியோரத்தில், நீருண்ணும் இடத்தருகே குழி தோண்டி, அதனுள் உடலை ஒடுக்கிக்கொண்டு, நள்ளிரவில் பன்றியின் வரவுக்காகக் காத்திருக்கும் வேட்டுவர் வருகிறார்கள். அந்த நள்ளிரவு வேட்டை பெரும்பாலும் வாய்ப்பதில்லை என்பதைப் புலவரே ஒப்புக்கொள்கிறார் போலும். அது தவறினால், பகலில் நாய்களோடு புதர்களை அலைத்து, வலை கட்டி, முயல்களை வளைத்துப் பிடிப்பார்கள் என்று உடனே கூறுகிறார். எய்யும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரமே வேட்டையில் மிகுதி என்பதும், பெரியது கிட்டாத நாளில் சிறியதைக் கொண்டு அடுப்பெரிப்பதே வேட்டுவர் வாழ்க்கை என்பதும் இதனால் விளங்கும். கிடைத்த மான் தசையும் முழுவதும் அவர்கள் உண்பதற்கன்று. புறநானூற்று 33ஆம் பாடலில், சினம் மிகுந்த நாய்களையுடைய வேட்டுவன் மான் தசையை வட்டியில் கொண்டுவந்து கொடுத்து, உழவர் இல்லத்தில் நெல்லைப் பெற்றுச் செல்கிறான்.

மானுக்கென்றே அமைந்த நுட்பம் ஒன்று உண்டு. பழக்கிய மானைக் கட்டிவைத்துக் காட்டுமானை அருகே வரச் செய்தல் அது. அந்தப் பழக்கிய மானுக்குப் ‘பார்வை’ என்று பெயர். கண்ணால் பார்ப்பதற்கும் காட்சிக்கும் நாம் வழங்கும் அதே சொல்தான். இதைப் பற்றிய ஒரு பாடலுக்குப் பிறகு வருகிறேன்.

இப்போது சொற்களின் பட்டியல். தொல்காப்பியத்தின் இறுதி இயலாகிய மரபியல், விலங்கு, பறவை ஆகியவற்றின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றை வகுத்துரைக்கிறது. தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறுநாள் மறக்கப்படும் பகுதி அது. நானும் அப்படித்தான் படித்தேன். அதில் மானினம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இனவகையில் புல்வாய், உழை, நவ்வி, மரை ஆகியவை தனித்தனிப் பெயர்கள். புல்வாயின் ஆணுக்கு ‘இரலை’ என்றும் ‘கலை’ என்றும் பெயர். உழையின் ஆணுக்கும் ‘கலை’ பொருந்தும். முசு என்னும் குரங்கின் ஆணும் ‘கலை’ எனப்படுவதுண்டு. புல்வாய், நவ்வி, உழை ஆகியவற்றின் பெண் ‘பிணை’. இவற்றின் குட்டி ‘மறி’. ஆட்டுக்குட்டிக்கும் அதே பெயர்தான். ஆனால் மரையின் குட்டி மறி அன்று, அது ‘கன்று’. யானையும் எருமையும் ஈனுவதற்கு என்ன பெயரோ அதே பெயர்.

இவ்வேறுபாட்டில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. உருவில் சிறிய, ஆட்டை ஒத்த மான்கள் ‘மறி’யின் பக்கம் நிற்கின்றன, உருவில் பெரிய, மாட்டை ஒத்த மான் ‘கன்று’ என்பதன் பக்கம் நிற்கிறது. மரை என்பது இன்றைய கடமானா, நீலமாடு எனப்படும் வேறு விலங்கா என்று அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எதுவாயினும் அது பெரிய விலங்கு என்பதற்குக் ‘கன்று’ என்ற ஒரு சொல்லே சான்றாகிறது. நூலறிவால் மட்டும் இத்தகைய பாகுபாடு உண்டாகாது. ஒரு விலங்கைத் தொலைவிலிருந்து கண்டு, அதன் பருமனையும் நடையையும் உடனிருக்கும் குட்டியையும் ஒரே நோக்கில் மதிப்பிடப் பழகிய கண்களே இதைப் படைத்திருக்க வேண்டும்.

கொம்பைப் பற்றியும் ஒரு சொல். இரலையின் கொம்பு முறுக்கியது என்றும், பிற கலைகளின் தலை கவைத்தது, அதாவது கிளைத்தது என்றும் சங்கப் புலவர் வேறுபடுத்தியே பாடுகின்றனர். இது வெறும் அழகுக்காகச் சொன்னதன்று. புல்வாய் அல்லது வெளிமான் எனப்படும் விலங்கின் கொம்பு திருகாணி போல் முறுக்கியது, கிளைக்காதது, வாழ்நாள் முழுவதும் உதிராதது. புள்ளிமானும் கடமானும் கிளைத்த கொம்புடையவை. அவை அதை உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர்த்துக்கொள்பவை. கொம்பு உதிர்ந்த ஆண் கடமானைப் பெண் என்று தவறாகக் கருதுவது புதியவர் செய்யும் பிழை. விலங்கியலார் முன்னதை இரலையினம் என்றும் பின்னவற்றை மானினம் என்றும் பிரிக்கின்றனர். நம் புலவர்கள் அடைமொழியால் பிரித்தனர்.

சங்கப் பாடல்கள் இச்சொற்களைக் கையாளும் விதத்தையும் காண வேண்டும். குறுந்தொகை 213ஆம் பாடலில் முதிய கலை ஒன்று, பசித்த தன் மறிக்காக மரப்பட்டையைக் காலால் உதைத்துப் பிளந்து கொடுத்து, அது உண்டபின் எஞ்சியதைத் தான் உண்டு, வெயிலில் அதற்கு நிழலாக நிற்கிறது. என் மாணவர் கேட்ட ‘மரப்பட்டை தின்னும் ஆர்ட்’ இதுதான். கலித்தொகை 11ஆம் பாடலில் நிழலின்றி வாடும் பிணைக்குக் கலை தன் நிழலைத் தருகிறது. உண்மைக் காட்டில் ஆண்மான் இவ்வளவு பொறுப்புடன் நடந்துகொள்ளுமா என்று விலங்கியல் ஆசிரியர் ஐயுறலாம். பொருள்தேடச் சென்ற தலைவனுக்கு வழியில் வீட்டு நினைவு வரவேண்டும் என்பதே புலவரின் நோக்கம். நாம் நோக்க வேண்டியது வேறொன்று. கலை, பிணை, மறி என்ற மூன்று சொற்களும் அடுத்தடுத்து வரும்போது காட்டில் நிற்பது ‘மான்’ அன்று, ஒரு குடும்பம்.

இந்த மூன்று சொற்களில் இரண்டு, புறநானூற்று 320ஆம் பாடலில் வேட்டுவன் வீட்டு முற்றத்துக்கே வந்துவிடுகின்றன. வேட்டுவன் களைத்து ஆழ்ந்து உறங்குகிறான். முற்றத்தில் பார்வையாகக் கட்டிவைத்த பிணையிடம் காட்டிலிருந்து தனியான கலை ஒன்று வந்து, அதைத் தழுவி விளையாடுகிறது. எந்தப் பார்வைக்காக அந்தப் பிணை வளர்க்கப்பட்டதோ அது நிறைவேறிவிட்டது; கணவனை எழுப்பினால் போதும். ஆனால் மனைவி அசையவில்லை. கணவன் விழித்துவிடக் கூடாது, கலை பிணையை விட்டு நீங்கிவிடக் கூடாது என்று இரண்டுக்கும் அஞ்சி அவள் அப்படியே இருக்கிறாள். அந்நேரம் மான்தோலில் உலரவைத்த தினையைக் காட்டுக்கோழியும் காடையும் தின்றுகொண்டிருக்கின்றன. அதையும் அவள் ஓட்டவில்லை. இழப்பு இரண்டு: இறைச்சியும் போயிற்று, தினையும் போயிற்று. புலவர் அவளைப் புகழவோ பழிக்கவோ இல்லை. அந்த வீட்டின் விருந்தோம்பலைப் பேசத் தொடங்கிவிடுகிறார்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி பாரதத்தில் உண்டு. மான் உருக்கொண்டு துணையுடன் கூடியிருந்த முனிவரை மான் என்றே எண்ணி எய்தான் பாண்டு, சாபம் பெற்றான், குருகுலத்தின் கதை அங்கே திரும்பியது. இராம காதையிலும் வேட்டைப் பிழை ஒன்று உண்டு. நீர்முகக்கும் குடத்தின் ஒலியை யானையின் ஒலி என்று கருதி, கண்ணால் காணாமல் ஒலியைக் கொண்டே எய்த தயரதன் ஒரு சிறுவனைக் கொன்றான். உலகெங்கும் புதிய வேட்டுவனுக்குச் சொல்லப்படும் முதல் விதி, இலக்கைத் தெளியாமல் எய்யாதே என்பது. நம் இரு பெருங்காப்பியங்களின் துன்பங்களும் அவ்விதியை மீறிய அரசர்களின் அம்பிலிருந்து முளைத்தவை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூறாவிட்டால் நான் படித்த துறைக்கு நேர்மையற்றவன் ஆவேன். மரபியல் வேட்டைச் சட்டம் அன்று. ‘பிணை’ என்று ஒரு சொல் இருப்பதனால் பிணையைக் கொல்லக்கூடாது என்று பழந்தமிழர் விதி செய்தனர் என்று முடிவு கட்டுவது பிழை. வேறுபடுத்திப் பெயரிட்டனர் என்பது மட்டுமே சொற்களிலிருந்து நமக்குக் கிடைப்பது. வேறுபடுத்தத் தெரிந்தவர் விலக்கவும் முடியும். விலக்கினாரா என்பதற்கு வேறு சான்று வேண்டும். மேடைகளில் நம் முன்னோருக்கு நாம் வழங்கும் சான்றிதழ்களில் பாதி இந்த இரண்டாவது படியைத் தாண்டிக் குதித்ததனால் வந்தவை.

அந்தச் சான்று கிடைப்பது 12ஆம் நூற்றாண்டில். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் கண்ணப்பர் கதை அனைவரும் அறிந்தது. ஆயினும் கண்ணை அப்பிய முடிவை நோக்கி நாம் விரைவதால், அது ஓர் இளைஞனின் முதல் வேட்டையைப் பற்றிய கதையும் ஆகும் என்பதை மறந்துவிடுகிறோம். பொத்தப்பி நாட்டு உடுப்பூர்த் தலைவன் நாகன் முதுமையடைந்தான், வேட்டை நின்றது, விலங்குகள் பெருகிப் புனங்களை அழித்தன, வேடர்கள் வந்து முறையிட்டனர். நாகன் தன் மகன் திண்ணனைத் தலைவனாக்கி வேட்டைக்கு அனுப்புகிறான். முன்பே விற்பயிற்சி பெற்ற திண்ணன், தேவராட்டியின் வாழ்த்தைப் பெற்று, நாய்களும் வலைகளும் சூழப் புறப்படுகிறான். கன்னிப்பேச்சு என்று நாம் சொல்வதுபோல் அதைக் கன்னி வேட்டை எனலாம்.

வேட்டையின் ஆரவாரம் உச்சமாக இருக்கும் இடத்தில் சேக்கிழார் சற்று நின்று, அவ்வேடர்கள் எவற்றைச் செய்யவில்லை என்று கூறுகிறார். யானைக் கன்றுகளை அவர்கள் தொடரவில்லை. சிறிய குருளைகளைக் கொல்லவில்லை. கருவுற்றுக் கால் தளர்ந்து நடக்கும் பிணைகளை வருத்தவில்லை. எதிர்த்து வரும் கொடிய விலங்குகளின்மீதே அவர்களது வில் பாய்ந்தது. கன்று, குருளை, பிணை என்ற இளமைப் பெயரும் பெண்பாற் பெயரும் இங்கே இலக்கணமாக இல்லை. ஒவ்வொன்றும் ஒரு விலக்கு. மரபியல் பெயரிட்டது, சேக்கிழாரின் வேடர் அப்பெயரைக் கண்டு வில்லைத் தாழ்த்தினர். அவர் சிவத்தொண்டரின் வரலாற்றைப் பாடவந்தவர். தம் தலைவனின் கூட்டத்தை உயர்த்திக் காட்டும் நோக்கம் அவருக்கு இருந்திருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், வேட்டுவருக்குள்ளும் ஒரு வரம்பு இருந்ததென்று 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் செவிகள் நம்பத் தயாராக இருந்தன என்பதாவது உறுதி.

இனி என் சொந்த நினைவு ஒன்று. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் குடும்பம் உலு சிலாங்கூர்ப் பகுதியில் காட்டோரத் தோட்டம் ஒன்றில் இருந்தது. எங்கள் லயத்தில் இருந்த முதியவர் ஒருவர், பால்மரம் வெட்டும் வேலையிலிருந்து ஓய்ந்தபின், மரவள்ளிக் கொல்லைகளை அழிக்கும் காட்டுப்பன்றிகளை நாய்களோடு துரத்தச் செல்வார். இராமநாதபுரச் சீமையில் ஆடு மேய்த்த குடும்பத்திலிருந்து இளமையிலேயே கப்பலேறி வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளி விடுமுறை நாள்களில் நாங்கள் இரண்டு மூன்று சிறுவர்கள் அவரைப் பின்தொடர்வோம். அவர் எங்களுக்குச் சொன்ன அறிவுரைகள் மிகச் சில: வாயை மூடு, காற்று முகத்தில் அடிக்கும்படி நட, நாய்க்கு முன்னால் போகாதே.

ஒரு நாள் மாலை ஓடையோரத்தில் நாய்கள் மோப்பம் பிடித்து நின்றன. ஈச்சம்புதர் நடுவே கிஜாங் ஒன்று தலையை உயர்த்தி எங்களைப் பார்த்தது. மலாய்க்காரர்கள் கிஜாங் என்பது, ஆபத்தைக் கண்டால் நாய் போலக் குரைக்கும் சிறுமான். நான் கையிலிருந்த கல்லை ஓங்கினேன். முதியவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நாய்களை அதட்டி அடக்கி, மெதுவாகச் சொன்னார்: “மறியோட நிக்குதுடா. சும்மா இரு.” அதன் பின்னே குட்டி நின்றதை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

பல ஆண்டுகள் கழித்துப் பல்கலைக்கழகத்தில் மரபியல் படித்தபோது, நவ்வியும் உழையும் புல்வாயும் மறி எனப்படும் என்ற விதியில் என் விரல் நின்றது. ஆடு மேய்த்தவர் தம் ஆட்டுக்குட்டிக்கு வழங்கிய சொல்லைத் தாம் முன்பின் அறியாத நாட்டின் மானுக்கு வழங்கினார். தொல்காப்பியம் வகுத்த எல்லைக்குள்ளேயே வழங்கினார். அவர் ‘குட்டி’ என்று சொல்லியிருந்தாலும் என் கையைப் பிடித்திருப்பார் என்பது உண்மைதான். ஆயினும் அவர் முதலில் கண்டது மானை அன்று, மறியை. நான் கண்டது மானை மட்டும்.

அதே தோட்டத்தில் மறு ஆண்டு வேறொன்றும் கண்டேன். ஒருவர் பன்றிக்கென்று கொல்லையோரத்தில் கம்பிக் கண்ணி வைத்திருந்தார். விடியற்காலையில் அதில் கிடந்தது சினைக் கிஜாங். வைத்தவர் கெட்டவர் அல்லர். மரவள்ளியைக் காக்க நினைத்தவர். அவரும் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தினைப்புனம் காத்த பழந்தமிழரும் பொறி வைத்தனர். பெருங்கல்லைச் சாய்த்து நிறுத்தி விலங்கு நுழைந்தால் விழும்படி அமைத்த ‘அடார்’ மலைபடுகடாத்தில் வருகிறது. அவ்வழியே செல்லும் கூத்தரைப் பார்த்துப் பொறிகளில் சிக்கிக்கொள்ளாதீர் என்று எச்சரிக்கவும் வேண்டியிருந்தது. வில்லுக்குப் பின்னால் ஒரு கண் இருக்கிறது. அக்கண் கலையா, பிணையா என்று கேட்கக் கூடும். கண்ணிக்கும் அடாருக்கும் அந்தக் கேள்வி கிடையாது. தமிழில் கருவிகளின் பெயர்கள் ஏராளம். ஆனால் நான் இதுவரை கூறிய பெயர்களெல்லாம் கண்ணுள்ள வேட்டைக்கே பயன்படுவன.

இந்நாட்டு வரலாற்றிலும் மான் வேட்டைக்கு இடமுண்டு. மலாக்காவின் தோற்றமே ஒரு வேட்டைக் கதை. மன்னரின் வேட்டை நாயை வெண்ணிறச் சருகுமான் ஒன்று உதைத்துத் தள்ளியதாகவும், அதன் துணிவைக் கண்ட மன்னர் அவ்விடத்திலேயே நகரமைக்கத் துணிந்ததாகவும் மலாய் வரலாற்று மரபு கூறுகிறது. பரமேசுவராவின் பெயரோடு அக்கதை வழங்குகிறது. மலாக்கா மாநிலச் சின்னத்தில் இன்றும் இரு சருகுமான்கள் நிற்கின்றன.

ஆங்கிலேயர் காலத்தில் துப்பாக்கி வந்தது. தோட்டங்கள் காட்டுக்குள் நீண்டன. பயிரை அழிக்கும் விலங்குகளைப் பற்றிய முறையீடும் வந்தது. நாகனின் முற்றத்தில் வேடர்கள் கூறிய அதே முறையீடு, இப்போது தோட்ட முதலாளிகளின் வாயில். 1905இல் யானை, காட்டெருமை வேட்டையைப் பற்றி நூல் எழுதிய தியோடர் ஹப்பேக் என்னும் வேட்டைக்காரர், பிற்காலத்தில் விலங்குகளுக்காக வாதாடுபவராக மாறி, மலாயா வனவிலங்கு ஆணையத்தை நடத்தி, 1932இல் அறிக்கை அளித்தார். இன்று தாமான் நெகாரா எனப்படும் தேசியப் பூங்கா அம்முயற்சியின் விளைவு. வேட்டையில் தேர்ந்தவரே அதற்கு எல்லை வகுக்க முன்வந்தது எனக்குப் புதுமையாகத் தோன்றவில்லை. விலங்கு குறைவதை முதலில் அறிபவர் அவரே.

1972இல் மலேசியாவிலும் இந்தியாவிலும் ஒரே ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன. தீபகற்ப மலேசியாவில் அச்சட்டத்தின் இடத்தை 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பெற்றது. அச்சட்டத்தைப் படிக்கும் தமிழாசிரியர் ஒருவருக்கு ஒரு கட்டத்தில் பெரியபுராணம் நினைவுக்கு வரும். பாதுகாக்கப்பட்ட விலங்கை உரிமமின்றி வேட்டையாடுவது ஒரு குற்றம். அவ்விலங்கு இளமையானதாயின் அதற்கெனத் தனிப்பிரிவு. பெண்ணாயின் அதற்கென மற்றொரு தனிப்பிரிவு. கண்ணி வைப்பதும் தனிக் குற்றமாகவே கருதப்படுகிறது. கலை, பிணை, மறி என்ற பாகுபாடு சட்டநூலின் பிரிவெண்களாக மீண்டும் பிறந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

2009 தொடங்கித் தீபகற்பத்தில் கடமானையும் கிஜாங்கையும் வேட்டையாடுவதற்குத் தடை விதிக்கப்பட்டு, பின்னர் அது நீட்டிக்கப்பட்டது. ஆகவே, இந்த அவையில் யாரேனும் மான் வேட்டைக்குப் புதியவராக இருப்பின், அவருக்கு இந்நாட்டில் தரத்தக்க நடைமுறை அறிவுரை ஒன்றே: துப்பாக்கியை எடுக்காதீர். கடமான் குறைந்தால் அதை இரையாகக் கொள்ளும் மலாயாப் புலியும் குறையும். நாட்டுச் சின்னத்தைத் தாங்கி நிற்கும் அப்புலி, 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பின்படி, காடுகளில் 150க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது.

வேட்டை போய்விட்டது, நல்லதுதான். ஆனால் வேட்டை வளர்த்த கூர்மையான பெயர்களும் அதனோடு போக வேண்டியதில்லை. மலாய் மொழி பேசும் பிள்ளை ரூசா வேறு, கிஜாங் வேறு, பெலாண்டுக் வேறு என்று தொடக்கப்பள்ளியிலேயே அறிகிறது. பேங்க் நெகாராவின் சின்னத்தில் இருப்பது கிஜாங் என்றும் அதற்குத் தெரியும். அதே வகுப்பில் தமிழ் படிக்கும் பிள்ளை மூன்றையும் ‘மான்’ என்று எழுதுகிறது. நம்மிடம் சொல் இல்லாமலா? ரூசா என்பது கடமான். பெலாண்டுக் என்பது சருகுமான். கிஜாங்கின் உறவினத்தை மேற்குத் தொடர்ச்சி மலை மக்கள் கேளையாடு என்கின்றனர். மானை ‘ஆடு’ என்கிறார்களே என்று நகைக்க வேண்டாம். சிறிய மானை ஆட்டின் வரிசையில் நிறுத்திய மரபியலின் கண்தான் அங்கே இன்றும் விழித்திருக்கிறது.

சென்ற மாதம் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் தற்செயலாகச் சந்தித்த இளம் ஆசிரியை ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஐயா, நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் படப்பயிற்சி தயாரிக்கிறேன். ஒரு படத்தில் ரூசாவும் அதன் குட்டியும். இன்னொன்றில் கிஜாங்கும் அதன் குட்டியும். இரண்டின் கீழும் ‘மான்குட்டி’ என்று போட்டிருக்கிறேன். சரியா?”

தவறில்லை என்றேன். பிறகு அவருடைய தாளை வாங்கி, முதற்படத்தின் கீழ் ‘கடமான் கன்று’ என்றும், இரண்டாவதன் கீழ் ‘கேளையாட்டு மறி’ என்றும் பென்சிலால் எழுதிக்கொடுத்தேன்.